ஊரில் மழை, அணையில் குறைவு: ஏன் இப்படி?

மாணவர்களே, வறட்சிக் காலம் வந்தால் என் வகுப்பில் தவறாமல் ஒரு கேள்வி எழும். "சார், நேற்று சாயங்காலம் எங்கள் தாமானில் மழை கொட்டித் தீர்த்தது. கால்வாய் நிரம்பிச் சாலையெல்லாம் தண்ணீர். ஆனால் இன்று நாளிதழில் அணையின் நீர்மட்டம் மேலும் குறைந்துவிட்டது என்று போட்டிருக்கிறார்களே, அந்த மழையெல்லாம் எங்கே போனது?"

நியாயமான கேள்வி. வீட்டில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது, வெளியில் மழை பெய்கிறது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் புவியியல், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வேதியியல் மூன்றும் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1998-ஆம் ஆண்டிலும் 2014-ஆம் ஆண்டிலும் அங்கு நடந்தவை நல்ல பாடங்கள்.

மழை விழும் இடம்

நம் நாட்டில் பிற்பகலில் இடியோடு வரும் மழை பெரும்பாலும் வெப்பச்சலன மழை. காலையிலிருந்து வெயிலில் சூடான தரை, மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. அந்த ஈரக்காற்று மேலே எழுந்து, குளிர்ந்து, மேகமாகிப் பொழிகிறது. இப்படிப்பட்ட ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். அதனால்தான் பெட்டாலிங் ஜெயாவில் நீங்கள் குடை பிடித்துக்கொண்டு நிற்கும்போது காஜாங்கில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

நகரத்தில் விழும் மழைக்குத் தார்ச்சாலை, கூரை, சிமெண்டுத் தரை இவைதான் இடம். அது கால்வாய் வழியாகக் கிள்ளான் ஆற்றுக்கு ஓடி, சில மணி நேரத்தில் மலாக்கா நீரிணையில் கலந்துவிடும். அணைக்கு அதில் ஒரு சொட்டுகூடப் போகாது. அணையில் சேர வேண்டுமானால் அதற்கு மேலே உள்ள மலைக்காட்டில், அதாவது அந்த அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், மழை விழ வேண்டும்.

சரி, அங்கேயும் மழை பெய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பளவு 200 சதுர கிலோமீட்டர். அது முழுவதும் 20 மில்லிமீட்டர் மழை. மொத்தம் 4 மில்லியன் கன மீட்டர் நீர். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் பல வாரம் காய்ந்து கிடந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். இலைகளில் தங்கிய நீர் அப்படியே ஆவியாகும். மூன்றில் ஒரு பங்கு ஓடைகளுக்கு வந்து சேர்ந்தால் 1.3 மில்லியன் கன மீட்டர். சிலாங்கூர் ஆற்றை நம்பியிருக்கும் சுத்திகரிப்பு ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு வெளியே அனுப்பும் குடிநீரோ 2.5 மில்லியன் கன மீட்டருக்கும் மேல். ஒரு நல்ல மழை, அரை நாள் தேவைக்குத்தான் காணும்!

ஒரு நாள் மழையில் அணை நிறைவதில்லை. வாரக்கணக்கில் மண் நனைந்து, ஊறி, அந்த ஊற்று மெல்ல மெல்ல ஓடைகளில் கசிந்து வர வேண்டும். மேற்குக் கரையில் அந்த வேலையைச் செய்வது ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வரும் பருவ இடைக்கால மழை. அது பொய்த்தால் அடுத்து வரும் உலர் மாதங்களைத் தாங்குவது சிரமம்.

"வெயில் குடித்துவிட்டது" என்று பலர் சொல்வார்கள். அதையும் சோதித்துப் பார்க்கலாம். 6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து நாளுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியானால் 24,000 கன மீட்டர் குறையும். மேலே சொன்ன 2.5 மில்லியனோடு ஒப்பிட்டால் அது ஒரு விழுக்காடு. ஆக, வெயிலைவிட நாம்தான் அதிகம் குடிக்கிறோம்.

அணையிலிருந்து குழாய் வருவதில்லை

பலர் மனத்தில் இருக்கும் படம் இதுதான்: மலைமேல் ஒரு பெரிய தொட்டி, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு குழாய். கிள்ளான் கேட்ஸ் போன்ற அணைகளுக்கு இந்தப் படம் ஓரளவு பொருந்தும். ஆனால் சிலாங்கூரின் மிகப் பெரிய நீர் ஆதாரத்துக்கு இது பொருந்தாது.

கோலகுபு பாருவுக்கு அருகில் இருக்கும் சுங்கை சிலாங்கூர் அணை ஏறத்தாழ 230 மில்லியன் கன மீட்டர் நீரைத் தேக்கக்கூடியது. அங்கிருந்து திறந்துவிடப்படும் நீர் ஆற்றிலேயே இறங்கி ஓடுகிறது. பல கிலோமீட்டர் கீழே ரந்தாவ் பஞ்சாங், பெஸ்தாரி ஜெயா போன்ற வட்டாரங்களில்தான் அதை இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆற்றில் இயல்பாக ஓடும் நீரே போதும். அணையின் மதகைப் பெரிதாகத் திறக்க வேண்டியதில்லை. ஆறு வற்றத் தொடங்கும்போது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை அணை ஈடுகட்டும். இதற்கு 'ஒழுங்குபடுத்தும் அணை' என்று பெயர். வீட்டுச் செலவுக்குச் சம்பளம் ஆறு, சேமிப்புப் புத்தகம் அணை என்று வைத்துக்கொள்ளுங்களேன். சம்பளம் அறவே நின்றுபோனால் 230 மில்லியன் கன மீட்டர் சேமிப்பு, நாளுக்கு 2.5 மில்லியன் செலவில் 92 நாள்தான் வரும்.

ஆறு முற்றாக நின்றுவிடுவதில்லை. காட்டு மண் தேக்கி வைத்த நீரைக் கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுகிறது. மேட்டு நிலக் காட்டை அழித்தால் அந்தக் கசிவு குறையும். மழை வரும்போது மண்ணும் சேர்ந்து அடித்துக்கொண்டு வந்து அணையின் அடியில் படியும். கேமரன் மலையில் ரிங்லெட் நீர்த்தேக்கம் வண்டல் படிந்து படும் பாட்டை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம்.

மீட்டர் வேறு, விழுக்காடு வேறு

இப்போது கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். செய்திகளில் அணையின் அளவை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று. மற்றொன்று கொள்ளளவில் இத்தனை விழுக்காடு என்று. சுங்கை சிலாங்கூர் அணையின் நிறைமட்டம் கடல் மட்டத்திலிருந்து 220 மீட்டர். ஆனால் அணையின் உயரம் சுமார் 110 மீட்டர்தான். ஆகவே "நீர்மட்டம் 200 மீட்டர்" என்று படித்தால், 'அடேயப்பா, இன்னும் 200 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் இருக்கிறது' என்று நினைத்துவிடக் கூடாது.

அதைவிட முக்கியமானது அணையின் வடிவம். அது நேரான சுவர் கொண்ட டிரம் அல்ல. மேலே விரிந்து கீழே குறுகும் பள்ளத்தாக்கு. ஒரு கூம்பு வடிவத் தாள் குவளையை எடுத்து நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு பாதி உயரம் வரை மட்டும் ஊற்றிப் பாருங்கள். பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்கும் என்று தோன்றும். அளந்தால் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும்! கூம்பின் கன அளவு உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. அரையின் மும்மடி, எட்டில் ஒன்று.

உண்மையான பள்ளத்தாக்கு ஒழுங்கான கூம்பு இல்லை என்றாலும் போக்கு இதுதான். 100 மீட்டர் ஆழமுள்ள கூம்பு ஒன்றில் பாதி நீரை எடுத்தால் மட்டம் 21 மீட்டர் மட்டுமே இறங்கும். மீதிப் பாதியை எடுத்தால் எஞ்சிய 79 மீட்டரும் போய்விடும். அதாவது தினமும் அதே அளவு நீரை எடுத்தாலும், ஆரம்பத்தில் மட்டம் மெதுவாக இறங்கும். பிறகு நாளுக்கு நாள் வேகம் பிடிக்கும். மக்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "ரெண்டு மூணு மீட்டர்தானே குறைந்திருக்கிறது" என்று ஆரம்பத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறோம். விழுக்காட்டைப் பார்த்தால் அந்த அசட்டை வராது. செய்தியாளர்கள் மீட்டரை விட்டுவிட்டு விழுக்காட்டை மட்டும் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது என்பது என் எண்ணம்.

கடைசிச் சொட்டு வரை எடுத்துவிடவும் முடியாது. ஆகக் கீழே உள்ள மதகுக்கும் கீழே கிடக்கும் நீர் வெளியே வராது. அதற்கு மேலே உள்ள அடிநீரும் நல்ல நீர் அல்ல. சூடான மேல்நீர் இலேசானது, குளிர்ந்த அடிநீர் கனமானது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. அடியில் உயிர்வளி தீர்ந்துபோக, மண்ணிலுள்ள இரும்பும் மங்கனீசும் நீரில் கரைகின்றன. மட்டம் இறங்க இறங்க அந்த நீரைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நிறம், வாடை எல்லாவற்றையும் ஆலையில் போக்கியாக வேண்டும்.

1998, 2014

1997-98 எல் நினோ கடுமையானது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகி, நம் பக்கம் பெய்ய வேண்டிய மழை அங்கே இடம் மாறியது. லங்காட், செமினி, கிள்ளான் கேட்ஸ் அணைகள் வெகுவாக வற்றின. சுமார் 1.8 மில்லியன் பேர் மாதக்கணக்கில் நீர்ப் பங்கீட்டில் வாழ்ந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி வேறு. உங்கள் அம்மா, அப்பா அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்கள் என்றால் கேட்டுப் பாருங்கள். வாளியோடு லாரிக்கு முன்னால் வரிசையில் நின்ற கதை கட்டாயம் வரும்.

2014-இல் பெரிய எல் நினோ இல்லை. ஆனால் ஆண்டின் தொடக்கமே வறண்டது. சிங்கப்பூரில் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை தொடர்ந்து 27 நாள் மழையில்லை. சுங்கை சிலாங்கூர் அணை மார்ச் மாதத்தில் 40 விழுக்காட்டுக்கும் கீழே போனது. பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் இறுதி வரை பல வட்டாரங்களில் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் இல்லை என்று பங்கீடு நடந்தது.

அந்த ஆண்டு இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. லங்காட் ஆற்றில் அம்மோனியா அளவு உயர்ந்ததால் செராஸ் 11-ஆவது மைல், புக்கிட் தம்போய் ஆகிய இரண்டு ஆலைகளையும் மூட வேண்டியதாயிற்று. இதற்கும் மழையின்மைக்கும் தொடர்பு உண்டு. பண்ணைகள், கழிவுநீர் நிலையங்கள், குப்பைக் கிடங்குகளிலிருந்து ஆற்றுக்கு வரும் அழுக்கு மழைக்காலத்திலும் வருகிறது, கோடையிலும் வருகிறது. நிறைய நீர் இருந்தால் அது நீர்த்துப்போகும். ஆறு கால்வாசியாகச் சுருங்கினால் அதே அழுக்கின் செறிவு நான்கு மடங்கு.

அம்மோனியா இருந்தால் ஆலையை ஏன் மூட வேண்டும்? படிவம் 4, 5 வேதியியல் மாணவர்கள் இதை விரும்பிப் படிப்பீர்கள். கிருமிகளைக் கொல்ல நீரில் குளோரின் சேர்க்கிறோம். ஆனால் அம்மோனியா அந்தக் குளோரினைப் பிடித்துக்கொண்டு குளோரமைன் என்னும் சேர்மமாக மாற்றிவிடும். குளோரமைனின் கிருமி கொல்லும் ஆற்றல் குறைவு. அம்மோனியா முழுவதையும் தீர்த்துவிட்டு அதற்கு மேலும் குளோரின் மிச்சமிருக்க வேண்டுமானால், அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனின் எடையைப் போல 8 மடங்கு, நடைமுறையில் அதற்கும் மேல், குளோரின் சேர்க்க வேண்டும். ஓரளவுக்கு மேல் அது முடியாத காரியம். நம் நாட்டில் அம்மோனியாவுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டினால் ஆலை நிறுத்தப்படும். அணையில் நீர் இருந்தும் குழாயில் நீர் இல்லாமல் போவது இப்படித்தான்.

தண்ணீர் திரும்பி வரும்போது

"இன்று காலை 9 மணிக்கு வரும்" என்று அறிவிப்பார்கள். நம் வீட்டுக்கு இரவுதான் வரும். ஊழியர்களின் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். காலியான குழாய்கள் முதலில் நிரம்ப வேண்டும், உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் நீரை ஏற்ற ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தேவை. குழாய்களில் அந்த அழுத்தம் உருவாகும் வரை தாழ்வான தாமான்களே முதலில் நீரை எடுத்துக்கொள்ளும். மேட்டில் இருக்கும் வீடுகளும் குழாயின் கடைசியில் இருக்கும் வீடுகளும் காத்திருக்க வேண்டும். பழைய பிளாட்டுகளில் கீழ்த்தொட்டி நிரம்பி, பம்பு ஓடி, கூரைத் தொட்டி நிரம்பினால்தான் பத்தாம் மாடிக்குக் கிடைக்கும்.

அழுத்தம் இல்லாத குழாய்க்குள் விரிசல்கள் வழியாக வெளியிலிருக்கும் அழுக்கு நீர் உறிஞ்சப்படலாம். நீர் மீண்டும் வேகமாக வரும்போது உள்ளே படிந்திருந்த துருவும் கிளம்பிவரும். அதனால் முதலில் வரும் பழுப்பு நீரை ஒரு வாளியில் பிடித்துக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த பிறகு குடிப்பதற்குப் பிடியுங்கள். சேமித்த நீரை மூடி வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும்.

பங்கீட்டில் எல்லாரும் ஒரே அளவு பாதிக்கப்படுவதில்லை. பெரிய தொட்டி உள்ள வீட்டில் இரண்டு நாள் தெரியாமலே போய்விடும். வாடகை பிளாட்டில் ஆறாம் மாடியில் இருக்கும் பாட்டி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் ஒரு நோயாளிக்கு ஒரு முறைக்கு, நான்கு மணி நேரத்தில், சுமார் 120 லிட்டர் தூய நீர் தேவை. அதில் குளோரமைன் சிறிதும் இருக்கக் கூடாது. இருந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். சாதாரணமாக நாம் குடித்துவிடக்கூடிய அளவு குளோரமைனே அவர்களுக்கு ஆபத்து. அம்மோனியா கலந்த ஆற்றின் கதை அவர்களுக்கு வெறும் வேதியியல் பாடமல்ல.

மேகத்தைத் தயாரிக்க முடியுமா?

வறட்சி என்றதும் செயற்கை மழை பற்றிச் செய்தி வரும். நம் நாட்டில் வானிலை ஆய்வுத் துறை, ஆகாயப் படையின் ஹெர்குலிஸ் விமானத்தில் உப்புக் கரைசலை எடுத்துச் சென்று மேகத்தில் தெளிக்கிறது. உப்புத் துகள் ஈரத்தை ஈர்க்கும். சிறு துளிகள் ஒன்றுசேர்ந்து கனத்து விழும். ஆனால் மேகம் அங்கே ஏற்கெனவே இருக்க வேண்டும். நீலவானத்தில் உப்பைத் தெளித்தால் வானம் உப்புக்கரிக்கும், அவ்வளவுதான். தவிர, பெய்த மழையில் எவ்வளவு உப்பினால் வந்தது, எவ்வளவு தானாகவே வந்திருக்கும் என்று பிரித்துச் சொல்வது விஞ்ஞானிகளுக்கே கடினம்.

ஜொகூரிலிருந்து ஓர் உதாரணம். கடல் அலை ஏற்றத்தின்போது ஜொகூர் ஆற்றின் முகத்துவாரம் வழியாக உப்புநீர் உள்ளே ஏறும். நன்னீரைவிட அது அடர்த்தியானது. ஆற்றின் அடியில் ஆப்பு போல நுழையும். மேலிருந்து வரும் நன்னீர் வலுவாக இருந்தால் அதைத் தள்ளிவிடும். அதற்காகவே லிங்கியூ நீர்த்தேக்கத்திலிருந்து நீரைத் திறந்துவிடுகிறார்கள். 1962 ஒப்பந்தப்படி அந்த ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கும் சிங்கப்பூருக்கும் இது முக்கியம். 2016 அக்டோபரில் லிங்கியூ 20 விழுக்காட்டுக்கு இறங்கியபோது இரண்டு கரையிலும் கவலைப்பட்டார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இப்போது பகாங்கிலிருந்தும் நீர் வருகிறது. செமந்தான் ஆற்று நீரைத் திதிவங்சா மலைத்தொடருக்கு அடியில் 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக உலு லங்காட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பொறியியல் சாதனை, சந்தேகமில்லை. என்றாலும் ஓர் ஆதங்கம் உண்டு. நாடு முழுவதும் சுத்திகரித்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கணக்கில் வராமல் போகிறது. பழைய குழாய்களின் கசிவு, திருட்டு இணைப்பு, தேய்ந்துபோன மீட்டர் எல்லாம் காரணம். மலையைக் குடைந்து கொண்டுவந்த நீர், சாலைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கசிகிறது. குழாயை மாற்ற நிறையப் பணம் வேண்டும், சாலையைத் தோண்ட வேண்டும், நெரிசல் என்று நாமே முணுமுணுப்போம். நமது நீர்க் கட்டணமோ குறைவு. புதிய அணைக்குத் திறப்பு விழா உண்டு, மாற்றிய குழாய்க்கு இல்லை.

உங்கள் வீட்டுக் கசிவை மட்டும் நீங்களே கண்டுபிடிக்கலாம். இன்று இரவு எல்லாரும் படுத்த பிறகு, தண்ணீர் மீட்டரில் சிவப்பு எண்களையும் சேர்த்து எழுதி வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடியும் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தாலும் ஒரு நாளைக்கு 144 லிட்டர். 2023-இல் சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாள் முழுவதும் பயன்படுத்தியதே சராசரியாக 141 லிட்டர்தான். நம் நாட்டில் 200 லிட்டருக்கும் மேல். எண் மாறியிருந்தால், கழிவறை ஃபிளஷ் தொட்டிக்குள் சில துளி கேசரிச் சாயம் விட்டுக் கால் மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் கசிவு அங்கேதான்.